பலாவ் பாலமும் பூட்டி வைத்த ஃபைலும்

இந்த எபிசோடை ஒரு பாலத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். பசிபிக் பெருங்கடலில், பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே, பலாவ் என்று ஒரு குட்டித் தீவு நாடு இருக்கு. கோரோர் என்ற தீவில்தான் ஜனங்கள் அதிகம். பக்கத்திலேயே பாபெல்டாப் என்ற பெரிய தீவு. விமான நிலையம் அந்தப் பெரிய தீவில். அன்றைக்குக் கோரோருக்குத் தண்ணியும் கரண்டும் வந்தது அங்கிருந்துதான். இரண்டுக்கும் நடுவில் ஆழமான கடல் கால்வாய், அதன் மேல் ஒரு கான்கிரீட் பாலம்.

1977இல் அந்தப் பாலம் திறக்கப்பட்டபோது அதன் நடு ஸ்பேன் 241 மீட்டர். நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் 241 மீட்டர். அந்த வகை கான்கிரீட் பாலங்களில் அன்றைக்கு அதுதான் உலக சாதனை. 1996 செப்டம்பர் 26 அன்று அது மொத்தமாகக் கடலில் விழுந்தது. புயல் இல்லை, பூகம்பம் இல்லை, கப்பல் எதுவும் மோதவில்லை. இரண்டு பேர் இறந்தார்கள். கோரோருக்குத் தண்ணியும் கரண்டும் நின்றுபோய், நாட்டில் அவசரநிலை அறிவிக்க வேண்டியதாயிற்று.

இது "பாலம் ஏன் விழுந்தது" எபிசோட் இல்ல. அதைப் பற்றி நிபுணர்களுக்குள் இன்னும் வாதம் ஓடுது. எனக்கு முக்கியமாகப் பட்டது விழுவதற்கு முன்னாடி நடந்ததும், விழுந்த பிறகு 11 வருஷம் நடக்காமல் போனதும்.

முன்னாடி நடந்தது இது. பாலத்தின் நடுப்பகுதி வருஷா வருஷம் கீழே தொய்ந்துகொண்டே வந்தது. கான்கிரீட் கொஞ்சம் தொய்யும் என்பது டிசைன் செய்தவர்களுக்கும் தெரியும். அன்றைக்கு ஐரோப்பிய சங்கங்கள் வெளியிட்டிருந்த பரிந்துரைகளை வைத்து, சுமார் அரை மீட்டர் வரை இறங்கி நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 18 வருஷம் கழித்து அளந்தபோது 1.39 மீட்டர் இறங்கியிருந்தது. முதலில் திட்டமிட்ட மட்டத்திலிருந்து பார்த்தால் 1.61 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். அப்பவும் நிற்கவில்லை.

ஜப்பானிலிருந்து ஒரு குழு வந்து பார்த்தது, அமெரிக்காவிலிருந்து ஒரு குழு வந்து பார்த்தது. பாலம் பத்திரமாகத்தான் இருக்கு என்று இரண்டு குழுவும் சொன்னது. ஆனாலும் நடுவில் பள்ளம் விழுந்த பாலத்தில் எத்தனை நாள் வண்டி ஓட்டுவது? 1996இல் ரிப்பேர் செய்தார்கள். நடுவில் இருந்த கீலை அடைத்து, புதுசாகக் கேபிள்கள் கட்டி, இழுத்து முறுக்கினார்கள். மூன்று மாதத்தில் பாலம் விழுந்தது.

வழக்கு வந்தது. கோர்ட்டுக்கு வெளியே சமரசமாக முடிந்தது. அந்தச் சமரசத்தின் ஒரு பகுதியாக, பாலத்தின் தொழில்நுட்பத் தகவல்கள் எல்லாவற்றையும் பூட்டி வைத்துவிட்டார்கள். வரைபடங்கள், அளவுகள், கேபிள்களில் எடுத்த சோதனை முடிவுகள் எல்லாமே உள்ளே. உலகத்தில் யாரும் பார்க்க முடியாது.

நான் சாஃப்ட்வேர் ஆள். எங்க வேலையில் ராத்திரி சர்வர் படுத்தால், மறுநாள் காலையில் முதல் வேலை போஸ்ட்மார்ட்டம் எழுதுவது. என்ன நடந்தது, எப்போ நடந்தது, எந்த வரி கோட் காரணம் என்று எழுதி, டீம்ல எல்லாரும் பார்க்கிற இடத்தில் வைப்போம். ஒரு ஆப் இரண்டு மணி நேரம் நின்றதுக்கே இவ்வளவு. இங்கே இரண்டு உயிர் போயிருக்கு, ஒரு நாட்டோட முதுகெலும்பு உடைஞ்சிருக்கு. ஆனால் லாக் ஃபைலைப் பார்க்கக் கூடாதாம். இதைப் படிச்சப்ப எனக்கு வந்த கோபத்தில்தான் இந்த எபிசோடே உருவாச்சு.

அந்த ஃபைல் ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிய, கான்கிரீட்டின் ஒரு குணத்தைப் பற்றிப் பேசணும். அதுக்குப் பெயர் க்ரீப்.

புத்தக அலமாரி வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். மலிவான பலகையில் கனமான புத்தகங்களை அடுக்கி வையுங்க. அன்னிக்கே கொஞ்சம் வளையும். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இன்னும் வளைந்திருக்கும். புதுசாக ஒரு புத்தகம்கூட வைத்திருக்க மாட்டீங்க. பாரம் அதேதான், நேரம் மட்டும்தான் கூடியிருக்கு. கான்கிரீட்டும் இப்படித்தான். பாரம் ஏற்றியதும் ஒரு அளவு சுருங்கும். அதே பாரத்தை அப்படியே விட்டு வைத்தால், வருஷங்கள் போகப் போக, முதலில் சுருங்கியதைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ கூடுதலாகச் சுருங்கும். கல் மாதிரி தெரியற ஒரு பொருள், ரொம்ப ரொம்ப மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கு.

இதை ஒருவர் தன் கண்ணால் பார்த்துப் பயந்த கதை இருக்கு. பிரான்சில் யூஜீன் ஃப்ரெய்சினே என்று ஒரு இளம் பொறியாளர். அல்லியே ஆற்றின் மேல், லெ வர்த்ர் என்ற ஊரில், மூன்று வளைவுகள் கொண்ட ஒரு கான்கிரீட் பாலம் கட்டினார். வளைவு என்று பெயர்தான், அவ்வளவு தட்டையானவை. ஒவ்வொன்றும் 70 மீட்டருக்குப் பக்கம். 1911 வாக்கில் முடிந்தது, ஊரே பாராட்டியது. சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் கைப்பிடிச் சுவரில் கோடு நேராக இல்லை. வளைவின் உச்சி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. வாராவாரம் இன்னும் கொஞ்சம்.

கட்டியபோது உச்சியில் ஜாக்கி வைக்க அவர் இடம் விட்டிருந்தார். அதிகாரிகள் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரியோடு ராத்திரியாக சைக்கிளை மிதித்துப் போய், நம்பகமான சில ஆட்களை எழுப்பிக் கூட்டிவந்தார். ஜாக்கி வைத்து மூன்று வளைவுகளையும் மேலே தூக்கி, உச்சியில் இருந்த கீல்களைக் கான்கிரீட் போட்டு அடைத்துவிட்டார். பாலம் பிழைத்தது. 1940இல் போரில் தகர்க்கப்படும் வரை நின்றது.

அன்றைய பிரெஞ்சு விதிமுறைகளில் இந்த மெதுவான சுருக்கத்துக்கு இடமே கிடையாது. ஆனால் அதற்குச் சில வருஷம் முன்பே, 1907இல், அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்தின் ஹாட் என்ற பேராசிரியர், பாரத்தோடு விட்ட கான்கிரீட் உத்தரங்கள் நாளாக ஆக வளைவதை எழுதி வெளியிட்டிருந்தார். அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் சோதனை அறிக்கை இருக்கு, இந்தப் பக்கம் ஒருத்தர் ராத்திரியில் ஜாக்கியோட ஓடுறார். நடுவில் ஒரு அமைப்பு இல்லை.

ஃப்ரெய்சினே அந்தப் பயத்தை வீணாக்கவில்லை. 1920களில் க்ரீப்பை உட்கார்ந்து அளந்தார். அதிலிருந்துதான் பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் பிறந்தது. 1928இல் காப்புரிமை வாங்கினார். விஷயம் எளிமையானது: கான்கிரீட்டுக்குள் கம்பியை இழுத்து முறுக்கி வைத்தால், அது திரும்பச் சுருங்கப் பார்த்து கான்கிரீட்டை அழுத்திப் பிடிக்கும், விரிசல் வராது. இந்த யோசனை அவருக்கு முன்னாலேயே 1880களில் வந்துவிட்டது. ஆனால் வேலை செய்யவில்லை. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம்.

சாதாரணக் கம்பியை அதன் அளவுக்கு இழுத்தால் ஒரு மீட்டருக்கு சுமார் 0.6 மில்லிமீட்டர் நீளும். க்ரீப்பும் காய்வதால் வரும் சுருக்கமும் சேர்ந்து கான்கிரீட் ஒரு மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர்கூடச் சுருங்கலாம். அப்போ கம்பி நீண்டதைவிட கான்கிரீட் சுருங்கியது அதிகம். முறுக்கு மொத்தமும் காலி. ஃப்ரெய்சினே என்ன செய்தார் என்றால், மிக உறுதியான எஃகுக் கம்பியை எடுத்து மீட்டருக்கு 5 மில்லிமீட்டர் நீளும் அளவுக்கு இழுத்தார். அதில் 1 போனாலும் 4 மிச்சம். உலகத்தில் இன்றைக்கு இருக்கும் ஏராளமான மேம்பாலங்கள் இந்த மிச்சத்தின் மேல்தான் நிற்கின்றன.

பாருங்க, இப்போ க்ரீப் எவ்வளவு என்று சரியாகக் கணிப்பது உயிர் போகிற விஷயமாகிவிட்டது. அந்த மிச்சம் 4 என்று நினைத்தது உண்மையில் 2.5 என்றால்?

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பாதிப் பாலங்களைக் காணோம். எல்லாவற்றையும் சீக்கிரமாக, எஃகு அதிகம் செலவாகாமல் கட்டியாகணும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதிப்புத்தகம், ஒரு சோதனை முறை, ஒரு ஃபார்முலா. இங்கிலாந்தில் கனசதுரமாக வார்த்து நசுக்கிப் பார்ப்பார்கள், அமெரிக்காவில் உருளையாக. ஒரே கான்கிரீட்டுக்கு இரண்டு எண். அப்போதுதான் மூன்று அமைப்புகள் வரிசையாக முளைத்தன.

1947இல் பாரிஸில் ரைலெம். ராபர்ட் லெர்மித் என்பவர் முன்நின்று, சோதனைக்கூடங்களைச் சேர்த்து உருவாக்கியது. 1952இல் எஃப்.ஐ.பி., அதாவது பிரீஸ்ட்ரெஸ்ஸிங்குக்கான சர்வதேசக் கூட்டமைப்பு. முதல் தலைவர் நம்ம ஃப்ரெய்சினேதான். 1953இல் சி.இ.பி., ஐரோப்பிய கான்கிரீட் கமிட்டி. சி.இ.பி.யை ஆரம்பிக்க முதலில் முனைந்தது பேராசிரியர்கள் இல்லை, பிரெஞ்சு காண்ட்ராக்டர்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்த விவரம். எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை எடுத்தால் புதுசாக ஒரு விதிப்புத்தகம் படிக்கணும் என்ற தலைவலி அவர்களுக்குத்தானே.

இந்த அமைப்புகள் எதற்கும் சட்ட அதிகாரம் கிடையாது என்பதைக் கவனிக்கணும். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. நாலு நாட்டு ஆட்கள் உட்கார்ந்து வாதம் செய்து ஒரு பரிந்துரை எழுதுவார்கள். பிடித்த நாடு அதைத் தன் விதியில் எடுத்துக்கொள்ளும். நம்ம பாஷையில் சொன்னால், மெயின் ரெப்போ அவங்ககிட்ட, ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டியபடி ஃபோர்க் எடுத்துக்கும். 1964இல் சி.இ.பி.யின் முதல் பரிந்துரைகள், 1970இல் சி.இ.பி.யும் எஃப்.ஐ.பி.யும் சேர்ந்து ஒன்று, 1978இல் மாடல் கோட் என்ற முழுப் புத்தகம், 1990இல் அடுத்தது. 1998இல் இரண்டு அமைப்பும் ஒன்றாக இணைந்து ஃபிப் ஆனது. யூரோகோட் என்று இன்றைக்கு ஐரோப்பா பயன்படுத்தும் கான்கிரீட் விதியின் பெரும்பகுதி இந்த மாடல் கோடிலிருந்து வந்ததுதான்.

க்ரீப்புக்கு இந்தக் கூட்டு வேலை ஏன் கட்டாயம் என்றால், காரணம் நேரம். கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க 28 நாள் போதும். க்ரீப்பைச் சோதிக்க ஒரு உருளையை ஸ்ப்ரிங்குக்குள் அழுத்தி வைத்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கணும். கலிஃபோர்னியாவில் ட்ராக்ஸெல், ராஃபேல், டேவிஸ் மூவரும் 1958இல் வெளியிட்ட முடிவுகளில் சில உருளைகள் 30 வருஷம் பாரத்தோடு இருந்தவை. யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆய்வாளரோட முழு வேலைக்காலமும் ஒரே சோதனைக்குப் போய்விடும். அறையின் ஈரப்பதம் மாறக் கூடாது, ஸ்ப்ரிங் தளரக் கூடாது, நிதி தரும் ஆள் "இன்னுமா முடியல" என்று கேட்கக் கூடாது. அதுவும் ஒரு ஊர் சிமென்ட், ஒரு ஊர் ஜல்லிக்கு மட்டும்தான் அந்த விடை.

ஒரு பல்கலைக்கழகத்தால், ஏன், ஒரு நாட்டால்கூட இதைத் தனியாகச் செய்ய முடியாது. எல்லாரும் தங்கள் எண்களைக் கொண்டுவந்து ஒரே இடத்தில் கொட்டினால்தான் உண்டு. 1958இல் மியூனிக்கில் ரைலெம் இதற்கென்றே ஒரு கூட்டம் நடத்தியது. பத்து வருஷம் கழித்து அங்கேயே மறுபடியும். அடுத்து 1978இல் லீட்ஸில். அதே 1978இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஸ்தெனெக் பாஜன்ட், செக் நாட்டில் பிறந்தவர், பனுலா என்பவரோடு சேர்ந்து உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த சோதனைகளைத் திரட்டினார். சுமார் 400 க்ரீப் சோதனைகள், 300 சுருக்கச் சோதனைகள். 1980இல் அமெரிக்கன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட்டும் சி.இ.பி.யும் சேர்ந்து, ஜெர்மானியப் பொறியாளர் ஹூபர்ட் ரூஷ் பெயரில் ஒரு பட்டறை நடத்தின. அதிலிருந்து கைமாறி, ரைலெம் கமிட்டி ஒன்றில் ஜெர்மனியின் முல்லர் பொறுப்பில் அந்தத் திரட்டு வளர்ந்து 518 க்ரீப் சோதனைகள் ஆனது. மூன்று அமைப்புகள், இரண்டு கண்டங்கள், ஒரே ஒரு டேட்டாபேஸ்.

எல்லாரும் கைகுலுக்கிச் சிரிச்சுக்கிட்டே செய்தாங்கன்னு நினைக்காதீங்க. ஒரே டேட்டாவை வைத்து ஆளுக்கொரு ஃபார்முலா. அமெரிக்க இன்ஸ்டிட்யூட்டின் 209ஆம் எண் கமிட்டி 2008இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் நான்கு மாடல்கள் இருக்கும்: தங்களோட பழையது, பாஜன்டோட பி3, சி.இ.பி.யுடையது, இன்னும் ஒன்று. இதில் எது சிறந்தது என்று கமிட்டி சொல்லாது. நாலு புல் ரிக்வெஸ்ட், நாலையும் மெர்ஜ் பண்ணியாச்சு. சிரிப்பா இருக்கும், ஆனால் ஒருவகையில் அது நேர்மை என்றும் எனக்குத் தோணுது.

உண்மையான சண்டை ஒரே கேள்வியில்தான். க்ரீப் எப்போதாவது நிற்குமா? பழைய அமெரிக்க மாடலும் சி.இ.பி. மாடலும் நிற்கும் என்று எடுத்துக்கொண்டன. கோடு மேலே ஏறி, தட்டையாகி, ஒரு எல்லையைத் தொடும். பாஜன்ட் தரப்பு, நிற்கவே நிற்காது என்றது. நேரத்தை லாகரிதம் அளவில் வரைந்தால் அது நேர்கோடாகப் போய்க்கொண்டே இருக்கும். அதாவது 1 வருஷத்திலிருந்து 10 வருஷத்துக்குள் எவ்வளவு கூடுமோ, 10இலிருந்து 100க்குள்ளும் ஏறக்குறைய அவ்வளவு கூடும்.

இதை டேட்டாபேஸை வைத்துத் தீர்த்திருக்கலாமே என்று நீங்க கேட்கலாம். தீர்க்க முடியவில்லை. பின்னால் அது 621 சோதனைகளாக வளர்ந்தபோதுகூட, 6 வருஷத்தைத் தாண்டியவை 5 சதவீதம்தான். 12 வருஷத்தைத் தாண்டியவை 3 சதவீதம். பாலத்தின் ஆயுளை 100 வருஷம் என்று வைக்கிறோம், கையில் இருக்கும் டேட்டா ஆறு வருஷத்துக்கு. சோதனைக்கூடத்தில் பதில் இல்லை என்றால் அது வேறு எங்கே இருக்கும்? ஏற்கெனவே கட்டி, வருஷக்கணக்காகத் தொய்ந்துகொண்டிருக்கும் பாலங்களில் இருக்கும். அவற்றில் மிக நீளமானவற்றில் ஒன்று, நன்றாக அளக்கப்பட்டது, 18 வருஷத் தொய்வுக் கணக்கு உள்ளது பலாவ் பாலம். அந்த ஃபைல்தான் பூட்டி இருக்கு.

இப்போ பெங்களூருக்கு வரலாம். 2007 நவம்பர். கட்டமைப்புப் பொறியாளர்களின் மூன்றாவது உலக மாநாடு அங்கே நடக்கிறது. பல நாடுகளின் பொறியாளர் சங்கங்கள் கூடும் கூட்டம். அங்கே பாஜன்ட், வேறு சில நிபுணர்களின் ஆதரவோடு, ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பெரிய கட்டமைப்புகள் இடிந்து விழும்போது, அதை ஆராயத் தேவையான தொழில்நுட்பத் தகவல் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும். இது பொறியியல் அறம் சார்ந்த கடமை. பலாவ் பாலமும் இதில் அடக்கம். நவம்பர் 6ஆம் தேதி மாநாடு அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு மாநாட்டுத் தீர்மானத்துக்கு என்ன பலம்? சட்டப்படி ஒன்றும் இல்லை. ஒரு தாளில் நாலு பத்தி. ஆனால் பலாவ் அரசின் அட்டர்னி ஜெனரல் 2008 ஜனவரியில், இரண்டே மாதத்தில், தகவல்களை வெளியிட அனுமதி கொடுத்தார். ஒரு தனிப் பேராசிரியர் கேட்டு இத்தனை வருஷமாகக் கிடைக்காதது, உலகத்தின் பொறியாளர்கள் கூடிக் கேட்டபோது கிடைத்தது. இதற்கு மேல் நான் அதை அலங்கரிக்க விரும்பலை.

ஃபைலைத் திறந்தால் உள்ளே என்ன இருந்தது? கேபிள்களில் எடுத்த சோதனையில், ஆரம்பத்தில் முறுக்கிய விசையில் பாதி போயிருந்தது. ஃப்ரெய்சினேயின் அந்த "மிச்சம்" ஞாபகம் இருக்கா? அதில் இவ்வளவு அடி. பாஜன்ட் குழு பாலத்தை அப்படியே கம்ப்யூட்டரில் கட்டி, புழக்கத்தில் இருந்த ஒவ்வொரு மாடலையும் ஓட்டிப் பார்த்தது. அமெரிக்க மாடல், சி.இ.பி. மாடல், ஜப்பானிய மாடல் எல்லாமே 18 வருஷத் தொய்வை, உண்மையில் அளந்ததைவிட 50 முதல் 77 சதவீதம் குறைவாகவே காட்டின.

ஏன் இவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணத்தில் ஒன்று, கோட் எழுதுகிற யாருக்கும் உடனே புரியும். இப்படிப்பட்ட பாலத்தில் சொந்த எடை கீழே இழுக்கும், அது ஒரு பெரிய எண். மேலே ஓடும் கேபிள்கள் தூக்கிப் பிடிக்கும், அதுவும் பெரிய எண். நாம் பார்க்கும் தொய்வு இந்த இரண்டுக்கும் உள்ள சின்ன வித்தியாசம். கிட்டத்தட்டச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழித்தால் சின்னப் பிழைகூட விடையைத் தின்றுவிடும். ஃப்ளோட்டிங் பாயின்ட்ல அடி வாங்கினவங்களுக்குத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. பெட்டி மாதிரி இருக்கும் அந்தப் பாலத்தின் மேல் பலகை மெல்லியது, கீழ்ப் பலகை தடிமன். மெல்லியது சீக்கிரம் காயும், தடிமன் மெதுவாகக் காயும். பழைய கணக்கு இரண்டுக்கும் சராசரி போட்டு ஒரே வேகத்தில் காய்வதாக எடுத்துக்கொண்டது.

முன்னாடி சொன்னதை இங்கே மறுபடி சொல்லிடறேன்: தொய்வு வேறு, இடிந்து விழுந்தது வேறு. விழுந்ததில் ரிப்பேருக்கு என்ன பங்கு என்பது தனி வழக்கு. க்ரீப் ஃபார்முலா இரண்டு பேரைக் கொன்றது என்று யாராவது சொன்னால், அது அவசரத் தீர்ப்பு. ஆனால் தொய்ந்திருக்காவிட்டால் அந்த ரிப்பேருக்கே வேலை இருந்திருக்காது.

ஒரு பாலம் மட்டும் தப்பாகப் போச்சு என்று விட்டிருக்கலாம். விடவில்லை. வேறு எங்கெல்லாம் இப்படி இருக்கு என்று கேட்டார்கள். ஜப்பானிலிருந்து, செக் நாட்டிலிருந்து, நார்வேயிலிருந்து பொறியாளர்கள் தங்கள் நாட்டுப் பாலங்களின் தொய்வு அளவுகளைக் கொடுத்தார்கள். 2011இல் அமெரிக்க இன்ஸ்டிட்யூட்டின் இதழில் பட்டியல் வந்தபோது அதில் 69 பாலங்கள். இவை விழுந்தவை இல்லை, எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் தொய்ந்தவை. கோடு தட்டையாகவில்லை என்பது இத்தனை பாலங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. தனித்தனியாக இருந்தபோது ஒவ்வொரு நாட்டிலும், "எங்க ஜல்லி சரியில்ல, எங்க சீதோஷ்ணம் அப்படி" என்று ஒரு உள்ளூர்ச் சமாதானம் கிடைத்திருக்கும்.

அடுத்து ரைலெம் ஒரு கமிட்டி அமைத்தது. பெயரே "பல பத்தாண்டு க்ரீப்" என்பது. 2015இல் அந்த வேலையிலிருந்து பி4 என்ற மாடல் வந்தது. டேட்டாபேஸும் சுமார் 1,400 க்ரீப் வரைகோடுகள், 1,800 சுருக்க வரைகோடுகள் என்று பெருத்தது. இப்போ நீங்களே எடுத்துப் பார்க்கலாம், பூட்டு இல்லை.

கமிட்டி வேலை எப்படிப்பட்டது என்று ஒரு சின்ன விஷயம். 2021இலிருந்து மூன்று வருஷம் ரைலெமின் தலைவராக இருந்தவர் நம்ம சென்னை ஐஐடியின் பேராசிரியர் ரவீந்திர கெட்டு. 1990 வாக்கில் பாஜன்டோடு சேர்ந்து ஆய்வுக் கட்டுரை எழுதியவர். பாரிஸில் 1947இல் பிரெஞ்சு சோதனைக்கூடத்துக்காரர்கள் முன்நின்று ஆரம்பித்த சங்கம், அடையாறு பக்கத்தில் இருக்கிற ஒருவர் தலைமையில் நடந்திருக்கு. இந்த வேலைக்குப் பெரும்பாலும் சம்பளம் கிடையாது. லீவு நாளில் மெயில் பார்ப்பது, யாரோ எழுதிய வரைவில் மூன்றாவது பத்தியைத் திருத்துவது, ஒரே சொல்லுக்கு இரண்டு கூட்டம் போடுவது. ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட் பராமரிக்கிறவங்களைக் கேளுங்க, சொல்வாங்க.

சி.இ.பி.யின் வாரிசான ஃபிப் என்ன செய்தது என்பதுதான் இன்னும் சொல்லாமல் இருப்பது. 1990 மாடல் கோடில் இருந்த க்ரீப் கோடு ஒரு எல்லையைத் தொட்டு நிற்கும் என்று சொன்னேன் இல்லையா? அடுத்து வந்தது 2010 மாடல் கோட். அதில் க்ரீப்பை இரண்டாகப் பிரித்தார்கள்: காய்வதால் வருவது ஒன்று, காயாமலேயே வருவது ஒன்று. முதலாவதுக்கு எல்லை உண்டு. இரண்டாவதுக்கு லாகரிதம் போட்டுவிட்டார்கள். அது நிற்காது. கமிட்டி ஆட்கள் பாஜன்ட் சொன்ன எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள் என்று அர்த்தமில்லை. பி4 வேறு, இது வேறு, வாதம் ஓடிக்கொண்டுதான் இருக்கு. ஆனால் தங்கள் பெயரில் இருபது வருஷம் புழங்கிய ஃபார்முலாவை அவர்களே மாற்றி எழுதினார்கள்.

பலாவில் 2002 ஜனவரியில் புதுப் பாலம் திறந்தார்கள். ஜப்பான் கட்டிக்கொடுத்தது, பெயர் ஜப்பான்–பலாவ் நட்புப் பாலம். நடு ஸ்பேன் 247 மீட்டர், பழையதைவிடக் கொஞ்சம் நீளம். இந்த முறை நடுப்பகுதியில் கான்கிரீட்டை விட்டுவிட்டு எஃகுப் பெட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள்.